நான் கொடுக்காத தகவல்

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐஸ்லாந்தில் ஓர் இளம்பெண் அந்நாட்டுச் சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதினார். இறந்துபோன தன் தந்தையின் மருத்துவக் குறிப்புகளைப் புதிதாக உருவாகவிருந்த தேசியத் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டிருந்தார். துறை மறுத்துவிட்டது. இறந்தவர் சார்பில் மறுப்புத் தெரிவிக்கும் உரிமையைச் சட்டம் பிள்ளைகளுக்குத் தரவில்லை என்று பதில் வந்தது.

அந்தத் தரவுத்தளத்துக்கான சட்டம் 1998 டிசம்பரில் நிறைவேறியிருந்தது. மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடு அது. ஊரே ஒன்றுக்குள் ஒன்றாகச் சொந்தம். பல நூற்றாண்டுகளின் வம்சாவளி எழுத்தில் இருக்கிறது. அதோடு எல்லாருடைய மருத்துவக் குறிப்புகளையும் ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் நோய்களுக்கான மரபணுக் காரணங்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று டீகோட் என்ற நிறுவனம் நம்பியது. மருத்துவர் காரி ஸ்டெஃபான்சன் 1996இல் தொடங்கிய நிறுவனம் அது. தரவுத்தளத்தை நடத்தும் உரிமையை அரசு அதற்கே கொடுத்தது. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. வேண்டாம் என்பவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்றார்கள். சுமார் 20,000 பேர் விலகினார்கள். அந்தப் பெண்ணும் தன் குறிப்புகளை விலக்கிக்கொள்ள முடியும். ஆனால் அவருடைய மரபணுக்களில் பாதி தந்தை கொடுத்தவை. தந்தையின் ஏடு உள்ளே போனால் மகளின் பாதியும் உள்ளே போகும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2003 நவம்பரில் அந்தப் பெண் வென்றார். தந்தையின் பரம்பரைக் கூறுகளை அறிந்தால் மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும். ஆகவே அதைத் தடுப்பதில் மகளுக்குச் சொந்த அக்கறை உண்டு என்றது தீர்ப்பு. பெயரையும் அடையாள எண்ணையும் குறியீடாக மாற்றிவிட்டால் போதுமான பாதுகாப்பு வந்துவிடும் என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தரவுத்தளம் கடைசிவரை உருவாகவேயில்லை.

தனியுரிமையைப் பற்றி இன்று நாம் பேசும் பேச்சில் பெரும்பகுதி இந்தத் தீர்ப்புக்கு முந்தைய காலத்திலேயே நின்றுவிட்டது. ‘என் தகவல், என் விருப்பம்’ என்பதுதான் அந்தப் பேச்சின் அடித்தளம். குக்கீகளை மறுப்பது, ஃபேஸ்புக் கணக்கை மூடுவது, சிக்னல் செயலிக்கு மாறுவது, இருப்பிடத்தை அணைத்து வைப்பது எல்லாம் அதிலிருந்து வருபவை. இவற்றைச் செய்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. என்னால் முடிந்தவற்றை நானும் செய்கிறேன். ஆனால் இவற்றைச் செய்வதே கண்காணிப்புக்கு எதிரான போராட்டம் என்று நம்பும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. தனியொருவரின் மறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளில் விஞ்ஞானிகள் பல கோணங்களில் அளந்துவிட்டார்கள். வியப்பூட்டும் அளவுகள் அவை. கொஞ்சம் அச்சமூட்டும் அளவுகளும்கூட.

மரபணுவிலிருந்தே தொடங்கலாம். பெற்றோரும் பிள்ளையும் பகிர்வது பாதி. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் தங்களுக்குள் பகிர்வது சராசரியாக எட்டில் ஒரு பங்கு. எள்ளுத்தாத்தாவும் எள்ளுப்பாட்டியும் மட்டுமே பொதுவாக உள்ள இருவர் பகிர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அப்படிப்பட்ட உறவினர் தெருவில் எதிரே வந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சதவீதம் டிஎன்ஏவில் சிதறிக் கிடப்பதில்லை. நீண்ட துண்டுகளாக அப்படியே இருக்கும். கணினி அதை எளிதாகப் பொருத்திப் பார்த்துவிடும். அத்தகைய உறவினர்கள் ஒருவருக்குப் பல நூறு பேர் இருப்பார்கள். அவர்களில் ஒரே ஒருவர் ஆர்வத்தால் எச்சிலைக் குப்பியில் துப்பி, வம்சாவளி தேடும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தால் போதும்.

யானிவ் எர்லிக் என்ற மரபணு ஆய்வாளரும் சகாக்களும் 2018இல் இதைக் கணக்கிட்டார்கள். சுமார் 12.8 லட்சம் பேரின் தரவை வைத்துப் பார்த்தபோது, அமெரிக்காவில் ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவரைத் தேடினால், 60 சதவீத வாய்ப்பில் எள்ளுத்தாத்தா வழி உறவினரோ அதைவிட நெருங்கியவரோ அகப்பட்டார். ஒரு மக்கள்கூட்டத்தில் 2 சதவீதத்தினர் தரவுத்தளத்தில் இருந்தால், அந்தக் கூட்டத்தின் ஏறக்குறைய எல்லாருக்கும் இப்படி ஓர் உறவினர் அதில் கிடைத்துவிடுவார் என்பதுதான் அவர்கள் எட்டிய முடிவு. மீதி 98 சதவீதத்தினர் என்ன முடிவெடுத்தார்கள் என்பது கணக்கிலேயே வரவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஜோசஃப் டிஆஞ்சலோ கைதானார். 1970களிலும் 80களிலும் 13 கொலைகளையும் ஏராளமான பாலியல் வன்கொடுமைகளையும் செய்தவர். காவல்துறையில் வேலை பார்த்தவரும்கூட. அவர் எந்த நிறுவனத்துக்கும் எச்சில் அனுப்பவில்லை. அனுப்பியவர்கள் அவரை அறியாத தூரத்து உறவினர்கள். சம்பவ இடத்தில் கிடைத்த டிஎன்ஏவை வம்சாவளித் தளங்களில் பொருத்தி, கிளை கிளையாகக் குடும்ப மரம் வரைந்து, அந்த மரத்தின் ஒரு நுனியில் அவரைப் பிடித்தார்கள். அவர் பிடிபட்டதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. ஆனால் அந்த முறைக்குக் கொலைகாரனையும் அகதியையும், கொடூரனையும் அரசை எதிர்த்து எழுதுபவனையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாது.

நம் ஊருக்கு இதில் ஒரு கூடுதல் சங்கதி உண்டு. மாமன் மகளையும் அக்கா மகளையும் மணக்கும் வழக்கமும், சொந்தச் சாதிக்குள்ளேயே சம்பந்தம் செய்யும் கட்டுப்பாடும் தலைமுறை தலைமுறையாக நிலவும் இடத்தில், உறவினர்கள் பகிரும் டிஎன்ஏ வழக்கத்தைவிட அதிகம். இங்கே ஒருவர் கொடுக்கும் மாதிரி இன்னும் அதிகமானவர்களைக் காட்டிக்கொடுக்கும்.

டீகோட் நிறுவனம் பிறகு வேறு வழியில் வளர்ந்தது. தன்னார்வலர்களிடம் சம்மதம் பெற்று மாதிரிகள் சேகரித்தது. 2015இல் 2,636 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, அதை வைத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களைக் கணித்ததாக அறிவித்தது. அதற்கு முன்பே, மாதிரியே கொடுக்காத சுமார் 2,80,000 பேரின் மரபணுவை வம்சாவளியிலிருந்து கணித்து, மருத்துவமனைக் குறிப்புகளோடு இணைத்து ஆய்வு செய்ய அனுமதி கேட்டிருந்தது. சம்மதம் தராதவர்களின் மரபணுவைக் கணித்தறிவதும் தகவல் சேகரிப்புதான் என்று அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2013இல் அதைத் தடுத்தது. யோசித்துப் பாருங்கள்: அந்த மக்கள் எவரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, எதையும் மறுக்கவில்லை. அவர்களைக் காப்பாற்ற ஓர் ஆணையம் இருந்தது. அவ்வளவுதான்.

மரபணு என்பதால் இப்படி, மற்றத் தகவல்கள் அப்படியல்ல என்று தோன்றலாம். கைபேசியில் இருக்கும் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் எண்கள் எதுவும் கைபேசிக்காரருடையவை அல்ல, எல்லாம் பிறருடையவை. ‘உங்கள் தொடர்புகளைப் பார்க்கலாமா?’ என்று செயலி கேட்கும்போது ‘சரி’ என்று தொட்டால், நூற்றுக்கணக்கானவர்களின் பெயரையும் எண்ணையும் ஒரே தொடுகையில் ஒப்படைத்துவிடுகிறோம். ‘டாக்டர் – சுகர்’, ‘வட்டிக்காரர்’, ‘வீட்டு வேலை லட்சுமி’ என்று நாம் சேமித்து வைத்திருக்கும் விதமும் சேர்ந்தே போகிறது. 2013 ஜூனில் ஃபேஸ்புக்கில் ஒரு பிழை வெளிப்பட்டது. சுமார் 60 லட்சம் பயனர்களின் மின்னஞ்சல், தொலைபேசி விவரங்கள் மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டன. அவற்றில் பல, சம்பந்தப்பட்டவர்கள் ஃபேஸ்புக்குக்குக் கொடுக்கவே கொடுக்காதவை. நண்பர்கள் ஏற்றிய தொடர்புப் பட்டியல்களிலிருந்து நிறுவனம் எடுத்து வைத்திருந்தவை. கணக்கே தொடங்காதவர்களைப் பற்றியும் தகவல் சேகரிக்கிறோம், பாதுகாப்புக்காகச் செய்கிறோம் என்று 2018இல் மார்க் சக்கர்பெர்க் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார்.

ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் ஓர் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் நினைவிருக்கும். ஓர் ஆளுமைச் சோதனைச் செயலியை உலகம் முழுவதும் சுமார் 2,70,000 பேர் நிறுவினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 8 கோடியே 70 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இந்தியக் கணக்கு இன்னும் கூர்மையானது. இங்கே அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். அந்த 335 பேரைத் தவிர அத்தனை பேரும் எங்கோ ஒருவரின் நண்பர் என்பதாலேயே அதில் சேர்ந்தார்கள். உள்நாட்டு நண்பரோ வெளிநாட்டு நண்பரோ, யாரோ ஒருவர் பொழுதுபோகாமல் ஒரு சோதனையில் பங்கெடுத்துக்கொண்டார்.

அந்த வழி பிறகு அடைக்கப்பட்டது. நண்பரின் தகவலை நேரடியாக எடுப்பது இப்போது கடினம். ஆனால் ஊகிப்பதை அடைக்க முடியாது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பேக்ரோவும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் 13,905 பேருடைய மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அடுத்து என்ன எழுதுவார் என்பதை எந்த அளவு கணிக்க முடியும் என்று தகவல் கோட்பாட்டின் துணையோடு அளந்தார்கள். அவருடைய பதிவுகளைத் தொடாமல், அவரோடு அதிகம் பேசும் எட்டு ஒன்பது பேருடைய பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டாலே, அடையக்கூடிய துல்லியத்தில் சுமார் 95 சதவீதத்தை அடைந்துவிட முடிகிறது என்று தெரிந்தது. ஆக, ஒருவர் கணக்கை மூடிவிட்டுப் போனாலும், அவர் எப்படிப்பட்டவர் என்பதன் பெரும்பகுதி அவருடைய நண்பர்களின் பேச்சில் தங்கிவிடுகிறது. மனிதர்கள் ஒருவரையொருவர் பாதித்தபடியே வாழ்கிறோம் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. அதே சான்று விளம்பரக்காரரின் கையில் கருவியாகிவிடுகிறது.

சரி, இணையத்தில் முழுக்க மறைந்துகொள்ளலாமே? இங்கேதான் இந்தக் கதையின் விசித்திரமான பகுதி வருகிறது. 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பால் சைவர்சன் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். செய்தியை அடுக்கடுக்காகக் குறியாக்கம் செய்து, பல கணினிகள் வழியாக அனுப்புவார்கள். ஒவ்வொரு கணினியும் ஒரு அடுக்கை மட்டும் உரித்து அடுத்ததற்குத் தள்ளிவிடும். எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேரும் என்ற இரண்டும் எந்த ஒரு கணினிக்கும் ஒருசேரத் தெரியாது. உளவுப் பணியில் இருப்பவர்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் கடற்படை மட்டும் அதைப் பயன்படுத்தினால், அந்த வலையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு செய்தியும் கடற்படையுடையது என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். ஒளிய வேண்டுமானால் பெரிய கூட்டம் வேண்டும். அதனால்தான் அந்தத் தொழில்நுட்பம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று பத்திரிகையாளர்களும் சாதாரண மக்களும் பயன்படுத்தும் ‘டார்’ வலைப்பின்னல் அப்படிப் பிறந்தது.

கூட்டம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த சம்பவம் காட்டியது. தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். டார் வழியாகவே அனுப்பினார். டாரின் குறியாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தின் வைஃபையில் டாரைப் பயன்படுத்தியவர் யார் என்று மட்டும் விசாரணையாளர்கள் பார்த்தார்கள். அதுவே அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சாதாரண உலாவியிலும் இதே சிக்கல்தான். 2010இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பின் பீட்டர் எக்கர்ஸ்லி 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தார். திரையின் அளவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், நேர மண்டலம், கூடுதல் நிரல்கள் போன்ற அற்ப விவரங்களைச் சேர்த்தாலே, 83.6 சதவீத உலாவிகள் வேறெதனோடும் ஒத்துப்போகாத தனித்த கைரேகையைக் கொண்டிருந்தன. குக்கீ தேவையே இல்லை. இதில் இன்னொரு கண்டுபிடிப்பு மனதைச் சங்கடப்படுத்தும்: தனியுரிமைக்காக எடுக்கும் சில நடவடிக்கைகளே அந்தக் கைரேகையை இன்னும் தனித்ததாக்குகின்றன. பலரும் செய்யாத ஒன்றைச் செய்பவர் எளிதில் அடையாளம் தெரிகிறார். ‘என்னைப் பின்தொடராதே’ என்று ஒவ்வொரு தளத்துக்கும் அறிவிக்கும் பொத்தான் ஒன்று உலாவிகளில் வந்தது. 2009இல் முன்மொழியப்பட்ட நல்ல யோசனை அது. மதிக்க வேண்டும் என்ற சட்டம் இல்லாததால் பெரும்பாலான தளங்கள் மதிக்கவில்லை. 2019இல் ஆப்பிள் தன் சஃபாரி உலாவியிலிருந்து அதை எடுத்துவிட்டது. அந்தப் பொத்தானை அழுத்தியவர்களை அதே பொத்தானை வைத்து அடையாளம் காண முடியும் என்பதுதான் காரணம்.

இத்தனைக்கும் மேலே, தேர்வு செய்யும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அலீசியா மெக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஓர் அமெரிக்கர் ஓராண்டில் செல்லும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் உண்மையிலேயே படித்தால் 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கைபேசிச் செயலிகள் பெருகுவதற்கு முந்தைய கணக்கு அது. அந்த 200 மணி நேரமும் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கே.

நூறு நாள் வேலைக்குப் போன பெண்களை நினைத்துக்கொள்கிறேன். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் கைபேசிச் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து வருகையைப் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். படம் ஏறாவிட்டால் கூலி நிற்கும். ரேஷன் கடையில் விரலை வைத்தால்தான் அரிசி. இந்தப் பெண்களிடம் போய், தரவைக் கொடுக்காதீர்கள், மாற்றுச் செயலியைப் பயன்படுத்துங்கள் என்று சொல்ல என்னால் முடியாது. யாராலும் முடியாது. தனிப்பட்ட தேர்வே போராட்டம் என்று வைத்துக்கொண்டால், மிக அதிகமாகக் கண்காணிக்கப்படுபவர்கள் அந்தப் போராட்டத்தில் சேரவே வழியில்லை. இதுதான் அந்த நம்பிக்கையின் மிகப் பெரிய குறை என்பேன்.

2021 ஜனவரியில் நமக்கு எல்லாருக்கும் தெரிந்த ஒன்று நடந்தது. வாட்ஸ்அப் தன் கொள்கையை மாற்றியது. ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ என்ற தொனியில் அறிவிப்பு வந்தது. கோபமடைந்த மக்கள் லட்சக்கணக்கில் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் போனார்கள். கூட்டம் தாங்காமல் சிக்னல் ஒருநாள் முடங்கியே போனது. அது ஒரு தன்னெழுச்சி. அதில் உண்மையான கோபம் இருந்தது. ஆனால் குடும்பக் குழு வாட்ஸ்அப்பில் இருந்தது. பிள்ளையின் வகுப்புக் குழு, தெரு நலச் சங்கம், மளிகைக் கடை, மருந்துக் கடை எல்லாம் அங்கேயே இருந்தன. போனவர்களில் பலர் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஒன்றை மறந்தும்போனார்கள். அவர்களிடம் உறுதி குறைவாக இருந்தது என்று நான் நினைக்கவில்லை. பேச வேண்டியவர்கள் இருக்கும் இடத்தில்தானே பேச முடியும்.

அதே மாதம், அதே செயலி, அதே கொள்கை மாற்றம். ஆனால் ஐரோப்பாவில் இருந்தவர்களுக்கு வேறு நிபந்தனைகள். தகவல் பகிர்வில் ஐரோப்பியப் பயனர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை என்று நிறுவனமே விளக்கம் தந்தது. ஐரோப்பியர்கள் நம்மைவிட விழிப்பாக இருந்ததால் கிடைத்த சலுகை இல்லை அது. 2018 மே மாதத்திலிருந்து அங்கே கடுமையான தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. பொத்தான் எதையும் தேடிப்பிடிக்காத, கொள்கையை ஒரு வரிகூடப் படிக்காத ஐரோப்பியருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. இங்கே, ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அந்தக் கொள்கைக்காக வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எது வேலை செய்கிறது என்பதை இதிலிருந்து பார்க்கலாம். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் எல்லாப் பயனர்களின் செய்திகளுக்கும் முனைக்கு முனை குறியாக்கத்தைப் பொருத்தியது. நூறு கோடிக்கும் அதிகமானவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குறியாக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதற்கு முன் இருபது ஆண்டுகளாகத் தொழில்நுட்ப ஆர்வலர்கள் மின்னஞ்சலைக் குறியாக்கம் செய்யுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மிகச் சிலரே கேட்டார்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள், மற்றச் செயலிகளில் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும் என்று மாற்றியது. கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டு எடுக்கச் சொன்ன அந்த ஒரு மாற்றத்தால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டா கணக்குச் சொன்னது. மக்கள் மனம் மாறவில்லை. இயல்பாக அமைந்திருக்கும் நிலை மாறியது, அவ்வளவே.

ஈயம் கலந்த பெட்ரோலோடு இதை ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் அறிமுகமானது. அதை வாங்கி ஊற்றியவரும், அண்ணாசாலையில் மற்றவர்களின் வண்டிப் புகையைத்தான் சுவாசித்தார். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்ட பிறகே, வண்டியே இல்லாதவரின் நுரையீரலுக்கும் நிம்மதி வந்தது.

நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பி இதை விட்டுவிடவும் முடியாது. பின்தொடரும் குக்கீகளை இரண்டு ஆண்டுகளில் ஒழித்துவிடுவதாக 2020இல் கூகுள் அறிவித்தது. தேதியைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரம்தான் அதன் முக்கிய வருமானம். வருமானத்துக்கு எதிரான வாக்குறுதியைக் காப்பாற்ற வைக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டும்.

அந்தக் கை தனிமனிதர்களிடமிருந்தே தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்ட மாணவர் 2011இல் தன்னைப் பற்றி ஃபேஸ்புக் வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டு வாங்கினார். 1,200 பக்கங்கள் வந்தன. அவர் கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அவர் வழக்குப் போட்டார். 2015இலும் 2020இலும் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பியர்களின் தகவல் அமெரிக்காவுக்குப் போவதற்கான இரண்டு பெரிய ஒப்பந்தங்களை ரத்து செய்தது. இந்தியாவில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012இல் தன் 86ஆவது வயதில் ஆதாரை எதிர்த்து மனு போட்டார். அந்த வழக்கிலிருந்து எழுந்த கேள்விக்குத்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள்: தனியுரிமை அடிப்படை உரிமை. ஆதார் எடுக்க மறுத்துவிட்டு அவர் வீட்டில் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவருடைய தகவல் மட்டும் தப்பியிருக்கும்.

தனிப்பட்ட தேர்வுகளுக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வந்த பெண் இருப்பிடத்தை அணைப்பது உயிர் காக்கும் செயல். செய்தியாளர் தனக்குத் தகவல் தருபவரிடம் சிக்னலில் பேசுவது கடமை. டார் வரலாறு சொல்வதுபோல, ஒளிய வேண்டிய தேவை இல்லாத நாமும் அந்தக் கருவிகளைப் பயன்படுத்தினால், தேவை இருப்பவர்களுக்குக் கூட்டம் கிடைக்கும். அது நல்ல காரியம். ஆனால் கருவியை நிறுவியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதும், நிறுவாதவரை அசட்டையானவர் என்று இளக்காரமாகப் பார்ப்பதும் தவறு. பொறுப்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து அதை இறக்கி, ஒவ்வொருவர் தலையிலும் தனித்தனியாக ஏற்றிவிட நிறுவனங்களே விரும்புகின்றன. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானின் வேலையே அதுதான்.

நம்மிடம் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. எதற்காகத் தகவல் கேட்கிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும், தமிழ் உட்பட அட்டவணை மொழிகளில் அதைப் படிக்கும் வாய்ப்புத் தர வேண்டும், கேட்டால் அழிக்க வேண்டும் என்பவை நல்ல அம்சங்கள். குறைகளும் பெரியவை. அரசின் எந்த அமைப்புக்கும் விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. மீறும் நிறுவனம் கட்டும் அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தரும் சம்மதமே அதன் அச்சாணி. நண்பர் வழியாகவும் உறவினர் வழியாகவும் ஊகிக்கப்படும் தகவலுக்கு, அந்த ஐஸ்லாந்துப் பெண் எழுப்பிய கேள்விக்கு, அதில் தெளிவான பதில் இல்லை.

அந்த 18 மாத அவகாசம் முடிவதற்குள் நாம் கேட்கத் தொடங்க வேண்டும், சேர்ந்து கேட்க வேண்டும். பிள்ளையின் பள்ளி ஆதார் நகல் கேட்டால், எதற்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யாரிடம் தருவீர்கள் என்று பெற்றோர் பலர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். குடியிருப்பு வாசலில் வருபவர்களின் முகத்தையும் எண்ணையும் பதியும் செயலியைச் சங்கம் வாங்கினால், அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை விவாதப்பொருளாக வையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களும் கூரியர் கொண்டுவருபவர்களும் அதில் பதியப்படுகிறார்கள், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தொழிற்சங்கத்தில் இருந்தால், வருகைப் பதிவுச் செயலி உறுப்பினர்களைப் பற்றி எதையெல்லாம் சேகரிக்கிறது என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், அரசுக்கு மட்டும் ஏன் விலக்கு என்று கேளுங்கள்.